ஹட்டனுக்குப் போகாத ஹார்ட் டிஸ்க்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். வத்தளையில் நீயும் மருமகளும் குடிபோயிருக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம், பிறக்கப்போகும் பிள்ளையின் போட்டோ, வீடியோ எல்லாம் இனி அதில்தான் சேரும், அதற்கு என்ன மாதிரி பேக்கப் வைத்தால் நல்லது என்று முதலில் கேட்டாய். "நீங்கதானப்பா இதுல அனுபவப்பட்டவரு" என்று சிரிக்கவும் செய்தாய். இரண்டாவதாக, வருகிற சனிக்கிழமை ரயிலில் வரும்போது வழியில் ஹட்டனில் இறங்கி, அத்தை வீட்டில் இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றாய். கெட்டுப்போன டிஸ்க்கில் இருப்பதை மீட்டுத் தருகிற ஆள் ஒருவர் கொழும்பில் இருக்கிறாராம். அம்மாவின் குரலை உன் பிள்ளை கேட்டு வளர வேண்டுமாம். முதல் கேள்விக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாவதற்கு, சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஹட்டனில் இறங்காதே. அத்தை வீட்டில் எந்த டிஸ்க்கும் இல்லை. கெட்டுப்போன டிஸ்க் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஈரம் ஏறித் திறக்க மாட்டேன் என்கிறது என்று நான் உன்னிடம் சொன்னது பொய். மூன்று வருஷமாக அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மழையைப் பற்றியோ தேயிலைக் கொழுந்தைப் பற்றியோ பேசித் தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதித் தபாலில் போடுகிறேன். பெட்டிக்குள் போட்டுவிட்டால் அப்புறம் கையை விட்டு எடுக்க முடியாது. நீ புறப்படுவதற்குள் வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

நீ கட்டாருக்குப் போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். தலவாக்கலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில் வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரை, வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் நம் லயத்துக் காம்பராவில் அம்மாவுக்காக விட்டுவிட்டுப் போனாய். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லயத்துக்குள் போன் சிக்னலும் வராது. மைக்கை மாட்டி, எந்தப் பட்டனை அமுக்கினால் பதிவாகும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தாய். மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே அதன் முன்னால் உட்காருவாள். பேசப் பேசத் திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி. கட்டார் தூரம் என்று கத்திக் கத்திப் பேசுவாள். "இவ்வளவு சத்தம் வேணாம்டி" என்றால், "ஒங்களுக்கா பேசுறேன்?" என்பாள். ஏழாம் நம்பர் மலையில் சிறுத்தை நாயைத் தூக்கிக்கொண்டு போனது, யார் வீட்டுப் பெண் பெரியவளானது, போஞ்சிக் கொடியில் பூச்சி விழுந்தது, நான் வெற்றிலை போட்டுத் துப்பிச் சுவரை நாசம் பண்ணுவது, எல்லாம் உனக்கு வந்து சேரும். நான் அதைப் போனில் ஏற்றி, கோயில் வளைவு வரை ஏறிப் போய் அனுப்பிவிட்டு, இடம் போதாது என்று போனிலிருந்து அழித்துவிடுவேன். அறுபது எழுபது குரல் கடிதங்கள் இருந்திருக்கும். கடைசியில் வேலை முகாமில் உன் போன் எல்லாவற்றோடும் களவு போனபோது நீ அழாத குறையாகக் கேட்டாய்: "வீட்டுல எல்லாம் இருக்குதானப்பா?" இருக்கிறது என்றேன். அன்றைக்கு அது உண்மை.

பேக்கப் முறையையும் நீதான் சொல்லிக் கொடுத்தாய். கம்ப்யூட்டரில் ஒன்று, வீட்டில் ஒரு டிஸ்க், ஹட்டனில் அத்தை வீட்டில் இன்னொரு டிஸ்க். மாதம் ஒரு தடவை ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வரவேண்டும். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. பேக்டரியில் ஒவ்வொரு தடவை தேயிலைத் தூள் பெட்டியில் ஏறும்போதும் ஒரு சாம்பிள் எடுத்து அலுமாரியில் வைப்போம், ஒன்று கொழும்புக்குப் போகும். இங்கே ஏதாவது நடந்தால் அங்கே ஒன்று இருக்கும். இருபத்தெட்டு வருஷம் அந்த வேலையைச் செய்தவனுக்கு இதை விளக்கவா வேண்டும்? அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இப்போது உனக்குச் சொல்லவேண்டிய முதல் புத்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்காதே, யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள் என்று பார். நம் வீட்டில் நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. காப்பி ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னால் நம்பிவிடுவேன். ஆனால் டிஸ்க் ஹட்டனுக்குப் போனதும் உன் அத்தை தன் மகளை லேப்டாப்பில் மாட்டச் சொல்லி, ஒன்று விடாமல் கேட்பாள். கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணுவாள். "அண்ணே, அண்ணி போஞ்சிக்குப் பூச்சி விழுந்துருச்சுன்னு சொல்றாங்க, சாம்பல் தூவினீங்களா?" என்பாள். ஒரு தடவை, "பன்னெண்டாவது தெறக்கலண்ணே, திருப்பிப் போட்டுட்டு வாங்க" என்றாள். நம் பேக்கப்பிலேயே ஒழுங்காக வேலை செய்தது அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் வெட்டிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அம்மாவுக்கு வயிற்றில் நோய் என்று உனக்குச் சொன்னேன், மருந்தில் குணமாகிவிடும் என்றும் சொன்னேன். இரண்டாவது பகுதி பொய். கண்டி ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். பாதியில் வந்தால் திரும்பிப் போக முடியாது, இந்த மலையிலேயே விழுந்து கிடப்பாய் என்று பயந்தேன். டொக்டர் சில மாதம் என்று சொன்னதை நான் பல மாதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம் அவள், "மைக்கக் கொண்டாங்க, தம்பிக்கிட்டப் பேசணும்" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை நகர்த்தி வைத்தேன். பேசினாள். அதில் உன்னை வரச் சொன்னாள்.

அதை நான் அனுப்பவில்லை. உன் நன்மைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. "அப்பா சொல்றத நம்பாத" என்று அதில் ஒரு வார்த்தை சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன், என் கண் முன்னாலேயே சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறவனைப் பற்றி மகனிடம் இப்படியா சொல்வாள் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாகப்போகிற மனுஷியிடம் கோபித்துக்கொண்டிருந்தேன் தம்பி. மூன்றாவது நாள் கோபம் போய்விட்டது, ஆனால் அனுப்புவதற்கான நாளும் போய்விட்டது என்று தோன்றியது. "அவன் என்ன சொன்னான்?" என்று தினமும் கேட்டாள். "லீவு கேட்டிருக்கான்" என்றேன். பத்தொன்பதாவது நாள் போய்விட்டாள்.

கருமாதிச் சாமான் வாங்க ஹட்டனுக்குப் போனபோது டிஸ்க் மாற்ற அத்தை வீட்டுக்கும் போனேன். அத்தையிடம் இருந்ததை வாங்கிக்கொண்டேன். பையில் இருந்த புதியதைக் கொடுக்கவில்லை. அதில் அந்தக் கடைசிக் கடிதம் இருந்தது. கொடுத்தால் அன்றைக்கே கேட்பாள், கேட்டால் அன்றைக்கே உனக்குப் போன் போடுவாள். சாவு என்றதும் கம்பெனிக்காரன் கொஞ்ச நாள் லீவு தந்து, நீ கருமாதிக்கு முதல் நாள்தான் வந்து சேர்ந்தாய். "அம்மா பேசினது எல்லாம் இருக்கு, கேக்குறியா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "இப்ப என்னால முடியாதுப்பா" என்று எழுந்து வெளியே போனாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நீ திரும்பிப் போன பிறகு அத்தை கேட்டாள்: "ஏண்ணே, பொட்டிய இந்த மாசமும் கொண்டாரலையா?" தம்பி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று அவளுக்கு ஒரு பொய். ஆனால் இரண்டாவது டிஸ்க் வேறு வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று நீ சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஆகவே ஒரு நாள் அதைத் துணியில் சுற்றி, பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காவிடம் கொடுத்தேன். அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, திறந்து பார்க்க ஆள் இல்லை. "பத்திரமா வச்சுக்கிறேண்ணே" என்று அரிசி டின்னுக்குள் வைத்தாள். வேறு வீடு, வேறு கதவு, வேறு பூட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனுக்கு அடுத்த காம்பரா வேறு வீடுதான். அவர்கள் வீட்டுச் சண்டை நமக்குக் கேட்கும், நம் வீட்டுக் கருவாடு அவர்களுக்கு மணக்கும், ஆனாலும் கேட்டால் வேறு வீடு என்றுதான் சொல்வோம். பதினான்கு காம்பராவுக்கும் ஒரே கூரை, நடுச்சுவர் ஒன்றுகூடக் கூரை வரை போகாது என்பது கண்ணுக்கு எதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

தீ மூன்றாவது காம்பராவில் பிடித்தது. வயர் ஷார்ட் ஆனது என்று பிறகு சொன்னார்கள். காலை பதினொரு மணி. எல்லோரும் மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், நான் பேக்டரியில். சங்கு ஊதியதும் ஓடி வந்தேன். நான் வரும்போது ஏழாவது காம்பராவின் தகரம் சுருண்டுகொண்டிருந்தது. நம்முடையது ஒன்பதாவது. மேலே இருந்த பலகைச் சட்டங்கள் வழியாகத் தீ ஒவ்வொரு சுவரையும் தாண்டிப் போனதை, வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். நம் காம்பரா போனது. கம்ப்யூட்டரும், அதோடு எப்போதும் மாட்டியே வைத்திருந்த முதல் டிஸ்க்கும் போயின. பத்தாவது போனது. அரிசி டின்னும் போனது. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். மாரியாயி அக்கா என்னைத் தேடி வந்தாள். உடுத்திய துணியைத் தவிர அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. "அண்ணே, ஒங்க பெட்டியக் காப்பாத்த முடியலண்ணே. மலையிலருந்து ஓடியாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நம்பிக் குடுத்தீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பரவாயில்லை என்றேன். உங்கள் மேல் தப்பு இல்லை, அது உங்களிடம் வந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலை குனிந்துதான் போகிறாள்.

அன்று நீ போனில் முதலில் கேட்டது, "அப்பா, நீங்க நல்லா இருக்கீங்களா?" அடுத்தது, "ஹட்டன்ல இருக்கிறது இருக்குதானே?" இருக்கிறது என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிக் கொழும்பில் குடியேறிய பிறகும், எப்போது கேட்டாலும், ஈரம், பூஞ்சணம், திறக்கவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். சனிக்கிழமை நீ ஹட்டனில் இறங்கினால் உன் அத்தை, "நீதானய்யா வேணாம்னு சொன்னியாம்" என்று கேட்பாள். இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள். அதை நினைத்துத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சரி, உன் முதல் கேள்விக்கு வருகிறேன், அது பிள்ளையின் காரியம். தானாகவே தினமும் இணையத்தில் ஏறுகிற மாதிரி ஒன்றை ஏற்பாடு பண்ணு. நம்மைப் போல மனுஷன் ஞாபகம் வைத்துச் செய்கிற முறை, மனுஷனுக்கு மனசு கோணினால் நின்றுபோகும். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துபோகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம். அதைப் பேக்கப் என்று நம்பாதே, பழைய பிரதியைக் கொஞ்ச காலமாவது வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள். அதன் பாஸ்வேர்ட் மருமகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தை மட்டும் நம்பாமல் வீட்டிலும் ஒரு டிஸ்க் வை. காப்பி ஆனதும் கழற்றி வை, எந்நேரமும் மாட்டி வைத்தால் கம்ப்யூட்டருக்கு வருவது அதற்கும் வரும். இன்னொரு டிஸ்க்கைப் பதுளையில் மருமகளின் அப்பா வீட்டில் கொடு. என்னிடம் ஒன்று தா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. தந்தாலும் வைக்க இடம் இல்லை. தீக்குப் பிறகு போட்டுத் தந்த கொட்டிலில்தான் இன்னும் இருக்கிறோம், இதுவும் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே தகரம்தான். மாதம் ஒரு தடவை யாராவது ஒன்றைத் திறந்து முழுதாகக் கேட்கட்டும். உங்கள் இரண்டு பேருக்குள் மறைக்க ஏதாவது வந்தாலும், அதற்காக அந்தப் பிரதியில் மட்டும் கை வைக்காதீர்கள். இந்தக் கடிதத்தை மருமகளும் படிக்கட்டும், மாமனாரைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் கிளினிக்கில், என் மறதி வயசு மறதி மாதிரி தெரியவில்லை, தலையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். தெரிந்த ஆட்களின் பேர் வாயில் வருவதில்லை. அம்மாவின் அந்தக் கடைசிக் கடிதத்தைக் கேட்ட ஒரே ஆள் நான்தான். அவள் போன பிறகு, லயம் எரியும் வரைக்கும், வேலை விட்டு வந்து அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எத்தனை தடவை என்று தெரியாது. குரலை என்னால் உனக்குத் தர முடியாது. அவள் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது, ஆனால் அங்கங்கே சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது. மழை இரண்டு நாளா மூன்று நாளா என்று நேற்று முழுக்க யோசித்தேன். மிச்சமும் போவதற்குள் எழுதிவிடுகிறேன். இதை உனக்குத் தரவேண்டிய நாளில் தரவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை.

அவள் பேசியது இது:

"தம்பி, அம்மா பேசுறேன். சாப்பிட்டியா? இங்க ரெண்டு நாளா மழை. படுத்துக்கிட்டே பேசுறேன், அதான் சத்தம் வராது, கிட்டத்துல வச்சுக் கேளு. தம்பி, அம்மாவுக்கு நல்லா இல்ல சாமி. சோறு எறங்க மாட்டேங்குது. அப்பா ஒங்கிட்ட சொகமா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. அப்பா சொல்றத நம்பாத. அவருக்குப் பயம், அவ்வளவுதான், அவர ஏசிராத. நீ ஒருக்கா வந்துட்டுப் போ. வேல போனாப் போயிட்டுப் போகுது, ஒனக்குக் கையும் காலும் இருக்கு. வரும்போது ஒண்ணும் வாங்கிட்டு வராத, சும்மா வா. வந்து பக்கத்துல ஒக்காரு, போதும். சொணங்காம வா சாமி."

அவருக்குப் பயம் என்று அவள் சொன்னது அன்றைக்கு என் காதில் விழவே இல்லை. அவள் போன பிறகு கேட்டபோதுதான் விழுந்தது.

பேசி முடித்ததும் நான் பட்டனை உடனே அமுக்கவில்லை. அதனால் அதற்குப் பிறகு நடந்ததும் அதில் பதிவாகியிருந்தது. அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்பாள்: "ஏங்க, இன்னைக்கே போயிருமா?"

அதற்குப் பிறகு என் குரல் வரும். "ம்ம். இந்தா, இப்பவே வளைவுக்குப் போய் அனுப்பிட்டு வாறேன்."

உன் அப்பா